வீட்டுக்கு விலை சொல்லுகிறவர் யாருடைய ஆள்?

நமது நாட்டில் ஒரு குடும்பஸ்தன் தன் ஆயுளில் செய்கின்ற கொடுக்கல் வாங்கல்களிலெல்லாம் பெரியது வீடு வாங்குவதேயாகும். கத்தரிக்காய் வாங்கும்போது அவன் காம்பைத் திருப்பிப் பார்க்கின்றான். மாடு வாங்கும்போது பல்லைப் பிடித்துப் பார்க்கின்றான். சுழி பார்க்கின்ற பைத்தியக்காரத்தனம் ஒரு பக்கம் இருந்தாலும் பல்லைப் பார்ப்பதையாவது விட்டுவிடுவதில்லை. ஆனால் நாற்பது லட்சமும் ஐம்பது லட்சமும் விலை பேசி, அதில் முக்கால் பங்கைக் கடனாக வாங்கி, இருபது வருஷ காலம் மாதா மாதம் சம்பளத்தில் பாதியைப் பாங்குக்குக் கட்டுவதாக எழுதிக் கொடுத்து வாங்குகின்ற வீட்டுக்கு மாத்திரம் பல்லைப் பிடித்துப் பார்க்கின்றவர் ஒருவரும் இல்லை. சுழி பார்க்கின்றவர்கள்தான் இருக்கின்றார்கள்.

அந்தச் சுழி பார்க்கின்றவர்களுக்குக் குறைவேயில்லை. முதலில் ஜாதகத்தில் வீட்டு யோகம் இருக்கிறதா என்று பார்க்க ஜோசியர். பிறகு ஈசானிய மூலையில் கக்கூசு இருக்கிறதா, அக்கினி மூலையில் அடுப்பு இருக்கிறதா என்று பார்க்க வாஸ்துக்காரர். அறையின் அகலம் இத்தனை அடியானால் ஆடு மாடு பெருகும், இத்தனை அடியானால் தரித்திரம் என்று மனையடி சாஸ்திரத்தைப் பிரித்துக்கொண்டு நிற்பவர் மற்றொருவர். ஆடு மாடு கட்ட இடமேயில்லாத நாலாவது மாடி வீட்டுக்கும் ஆடு மாடு பெருகுகிற கணக்குத்தான்! கடைசியில் கிரகப் பிரவேசத்துக்குப் புரோகிதர். அன்றைக்குப் பசு மாட்டை லிப்டில் ஏற்ற முடியாமல் கீழேயே நிறுத்தி வைத்து, அதன் மூத்திரத்தை மாத்திரம் செம்பில் பிடித்து மேலே கொண்டு போன கூத்தையும் நாம் பார்த்திருக்கின்றோம். இவர்களெல்லாருக்கும் தட்சணை உண்டு. அந்த வீட்டுச் சுவரைத் தட்டிப் பார்த்து, "இது இன்ன விலைதான் பெறும், அதற்கு மேல் கொடுக்காதே" என்று சொல்லக்கூடிய ஒரு என்ஜினீயருக்கோ மதிப்பீட்டாளருக்கோ மாத்திரம் கொடுக்கப் பணம் இருப்பதில்லை.

நமது தோழர் ஒருவருடைய சங்கதியைச் சொல்லுகின்றோம். அவர் சர்க்கார் உத்தியோகத்திலிருந்து விலகி, கைக்கு வந்த பணத்தைக்கொண்டு, வேலைக்குப் போகின்ற மகன் பேரில் கடன் வாங்கி, ஒரு ஜில்லாத் தலைநகரில் வீடு வாங்கினார். நம்முடைய கூட்டங்களுக்கு வருகின்றவர். நமது பத்திரிகையைப் படிக்கின்றவர். ஆனால் வீடு என்றதும் அவருடைய சம்சாரத்துக்காகவென்று சொல்லி வாஸ்துக்காரரை அழைத்துக்கொண்டு போனார். (நம்மவர்களுக்கு எப்போதும் சம்சாரத்தின் பேரில் பழி போடுவது ஒரு வழக்கம். அந்த அம்மாளைக் கேட்டால் அவர் வேறு சொல்லுவார்.) வாஸ்துக்காரர் 15,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, மாடிப்படி கடிகாரம் சுற்றுகின்ற வழியில் ஏறுகிறபடியால் வீடு உத்தமமானது என்றும், ஒரு ஜன்னலை மாத்திரம் அடைத்துவிடும்படியும் சொன்னார். தரகர் இரண்டு பக்கத்திலும் நூற்றுக்கு இரண்டு வீதம் பேசிக்கொண்டார். வீட்டுக்காரர் கட்டடத்துக்குப் பதினைந்து வயது என்றார். விலை 46 லட்சம் என்று முடிவாயிற்று.

பாங்கிலிருந்து மதிப்பீட்டாளர் ஒருவர் வந்தார். இருபது நிமிஷம் இருந்தார். அளந்தார், படம் பிடித்தார், மாடிக்குப் போய்ப் பார்த்தார், போய்விட்டார். அவருக்குரிய பீசை நமது தோழர்தான் கட்டினார். ஆனால் ரிப்போர்ட்டு பாங்குக்குப் போயிற்று. நமது தோழர் கைக்கு வரவில்லை. அவர் கேட்கவுமில்லை. விலையில் நூற்றுக்கு 80 பங்கு கடன் வருமென்று, அதாவது 36 லட்சத்து 80 ஆயிரம் வருமென்று கணக்குப் போட்டிருந்தவருக்கு, 32 லட்சத்து 80 ஆயிரந்தான் வந்தது. "பாங்குக்காரர்கள் எப்போதும் கொஞ்சம் குறைத்துத்தான் போடுவார்கள், அது வெறும் சம்பிரதாயம்" என்று தரகர் சொன்னார். குறைந்த நாலு லட்சத்துக்கு வீட்டிலுள்ள நகைகள் அடகுக் கடைக்குப் போயின.

அடுத்த வருஷம் மழைக்காலத்தில் கூடத்துக் கூரையிலிருந்து சிமெண்டுப் பாளம் பெயர்ந்து விழுந்தது. உள்ளே கம்பி முழுவதும் துரு. பாளம் விழுந்த இடத்தில் பகலில் பேரக் குழந்தையைத் தொட்டிலில் போடுவது வழக்கம். அன்றைக்குக் குழந்தை தாயிடம் இருந்ததால் பிழைத்தது. பிறகு அவர் பாங்குக்கு மூன்று முறை நடந்து, அந்தப் பழைய ரிப்போர்ட்டின் பிரதியை வாங்கிப் பார்த்தார். அதில் என்ன இருந்தது? கட்டடத்தின் வயது சுமார் 28 வருஷம் என்றும், மேல்தளத்தில் நீர்க்கசிவு காணப்படுகிறது என்றும், மதிப்பு 41 லட்சம் என்றும் தெளிவாக எழுதியிருந்தது. அதாவது, அவர் ஐந்து லட்சம் அதிகமாகக் கொடுக்கப் போகின்றார் என்பதும், தலைக்கு மேலே ஆபத்து இருக்கின்றது என்பதும், அவர் பணத்திலேயே கண்டுபிடிக்கப்பட்டு, அவர் கண்ணில் படாத ஒரு கட்டில் பத்திரமாக வைக்கப்பட்டிருந்தன!

அந்த மதிப்பீட்டாளர் பேரில் நாம் குற்றம் சொல்லவில்லை. அவர் உண்மையைத்தான் எழுதினார். எழுதியது யாருக்கு என்பதே நமது கேள்வி. பாங்கு தன் பணத்துக்கு ஒரு ஆளை வைத்துக்கொண்டது. அவர் சொன்னபடி 41 லட்சத்தில்தான் நூற்றுக்கு 80 கொடுத்துத் தன்னைக் காப்பாற்றிக்கொண்டது. தரகர் இரண்டு பக்கத்துக்கும் ஆள்; விலை ஏற ஏற அவருக்கு லாபம். விற்கின்றவருக்கு அவரே ஆள். எல்லாருக்கும் ஆள் இருக்க, ஆயுள் பணத்தை வைத்து ஆடுகின்றவருக்கு மாத்திரம் ஆள் இல்லை. அவருக்கு இருந்தவர் வாஸ்துக்காரர் ஒருவர்தான். மாடிப்படி எந்தப் பக்கமாகச் சுற்றுகின்றது என்று பார்த்தவரின் கண், அதே மாடிப்படிக்கு நேர் மேலே ஊறியிருந்த ஈரத்தின் மேல் படவில்லை.

இது நம் ஊரில் மாத்திரம் உள்ள சங்கதியல்ல. இங்கிலாந்தில் நார்விச் என்னும் ஊரில் ஒரு அம்மாள் சிறிய வீடு ஒன்று வாங்கினார். கடன் கொடுத்த சங்கம் அனுப்பிய மதிப்பீட்டாளர், அவசியமான ரிப்பேர் ஒன்றுமில்லை என்று எழுதினார். பீசு கட்டியவர் அந்த அம்மாள். உண்மையில் அந்த வீட்டில் புகைபோக்கியைத் தாங்குகின்ற கீழ்ச்சுவரை முன்பிருந்த யாரோ இடித்து எடுத்துவிட்டு, மேலே உள்ளதற்கு முட்டுக் கொடுக்காமல் விட்டிருந்தார்கள். ஒன்றரை வருஷத்தில் புகைபோக்கிச் செங்கல்கள் கூரையைப் பொத்துக்கொண்டு படுக்கையறையில் விழுந்தன. வழக்கு பிரபுக்கள் சபை வரையில் போயிற்று. "நாங்கள் எழுதியது கடன் கொடுப்பவருக்கு; வாங்குகிறவருக்கு நாங்கள் பொறுப்பல்ல என்று காகிதத்திலேயே அச்சடித்திருக்கின்றோம்" என்று மதிப்பீட்டாளர் தரப்பில் வாதிட்டார்கள். 1989ஆம் வருஷம் நீதிபதிகள் அதை ஒப்புக்கொள்ளவில்லை. சாதாரணமாகக் குடியிருக்க வீடு வாங்குகின்றவர் அந்த ரிப்போர்ட்டை நம்பித்தான் வாங்குவார் என்பதும், பீசு அவரிடமிருந்துதான் வருகின்றது என்பதும் மதிப்பீட்டாளருக்குத் தெரிந்திருக்கும்போது, அச்சடித்த ஒரு வரியைக் காட்டித் தப்பித்துக்கொள்ளுவது நியாயமல்ல என்று தீர்ப்புச் சொன்னார்கள். அமெரிக்காவிலோ, 2014ஆம் வருஷ முதல், குடியிருக்கும் வீட்டின் பேரில் முதல் ஈடாகக் கடன் கேட்பவருக்கு மதிப்பீட்டு ரிப்போர்ட்டின் பிரதியைக் கடன் முடிவதற்கு மூன்று நாள் முன்னதாக இலவசமாகக் கொடுக்க வேண்டுமென்று விதி இருக்கின்றது. நமது தோழருக்கு அந்த மூன்று நாள் கிடைத்திருந்தால் போதும். ஐந்து லட்சம் மிஞ்சியிருக்கும்.

நிற்க, மதிப்பீடு என்றால் என்ன என்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. தரகர் சொல்லுவது விலை. அது கேட்கின்ற விலை. பக்கத்து வீட்டுக்காரர் டீக்கடையில் சொல்லுவது பெருமை. மதிப்பு என்பது வேறு. நியாயமான மதிப்பீட்டாளர் முதலில் அந்தத் தெருவிலும் அடுத்த தெருவிலும் சமீபத்தில் மெய்யாக நடந்த கிரயங்களைப் பார்க்கின்றார். அந்த மனைக்கும் இந்த மனைக்கும் ரோட்டின் அகலம், மனையின் வடிவம், தண்ணீர், பள்ளம் மேடு ஆகியவற்றிலுள்ள வித்தியாசத்தைக் கூட்டிக் கழிக்கின்றார். பிறகு கட்டடத்தைத் தனியாக எடுத்துக்கொள்ளுகின்றார். அதை இன்றைக்குப் புதிதாகக் கட்டினால் என்ன செலவாகும் என்று பார்த்து, வயதுக்குத் தக்கபடி தேய்மானம் கழிக்கின்றார். உதாரணமாக, இன்று கட்டினால் 24 லட்சம் ஆகக்கூடிய கட்டடம் 60 வருஷம் நிற்கக் கூடியதென்றும், 20 வருஷம் ஆகிவிட்டதென்றும் வைத்துக்கொண்டால், மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. மிச்சம் 16 லட்சந்தான். "வீட்டின் விலை ஏறிக்கொண்டே போகும்" என்று நம் மக்கள் நினைப்பது பெரிய ஏமாற்றம். ஏறுவது மண், வீடு நாளுக்கு நாள் இறங்குகின்றது. பழைய வீட்டுக்குப் புதிய வீட்டு விலையைக் கொடுக்கின்றவர்கள் இந்தச் சிறு கணக்கைப் போட்டுப் பாராததால்தான் கொடுக்கின்றார்கள்.

மாடி வீடுகளில் இன்னொரு தந்திரம் உண்டு. நடை, மாடிப்படி, லிப்டுக் கூண்டு எல்லாவற்றிலும் பங்கு சேர்த்து ஒரு சதுரடிக் கணக்குச் சொல்லி அதற்கு விலை வாங்குவார்கள். 2016ஆம் வருஷத்து ரியல் எஸ்டேட் சட்டம், சுவருக்குள்ளே நாம் மெய்யாகப் புழங்குகின்ற தளத்தின் அளவு இன்னதென்று வரையறுத்து, அந்தக் கணக்கைச் சொல்ல வேண்டுமென்று வைத்திருக்கின்றது. ஆயினும் இன்னமும் 1,200 சதுரடி என்று நம்பி வாங்கி, உள்ளே போய் அளந்து பார்த்துத் திகைக்கின்றவர்கள் இருக்கின்றார்கள். நாடா வைத்து அளக்க எந்தச் சாஸ்திரமும் வேண்டியதில்லை.

இன்னும் சிலர், "சர்க்காரே மதிப்புப் போட்டு வைத்திருக்கின்றதே, அது போதாதா?" என்பார்கள். வழிகாட்டி மதிப்பைச் சொல்லுகின்றார்கள். அது முத்திரைத் தீர்வை வாங்குவதற்காகத் தெருவுக்குத் தெரு போட்ட கணக்கு. உங்கள் வீட்டுக்குள் எட்டிப் பார்த்துப் போட்டதல்ல. 2017 ஜூன் மாதத்தில் நம் மாகாண சர்க்கார் அந்த மதிப்பை ஒரே நாளில் நூற்றுக்கு 33 குறைத்து, பதிவுக் கட்டணத்தை 1லிருந்து 4ஆக உயர்த்தினார்கள். 2023 ஏப்ரலில் மதிப்பைப் பழையபடி ஏற்றிக் கட்டணத்தை 2ஆகக் குறைத்தார்கள். அந்த ஜூன் மாதத்தில் தமிழ்நாட்டு வீடுகளெல்லாம் ஒரே இரவில் மூன்றில் ஒரு பங்கு இளைத்துப் போயினவா? வரி வசூலிக்க ஒரு கணக்கு வேண்டும், அது சரி. அதைக் கொண்டு வீடு வாங்குவது, பஞ்சாங்கத்தில் மழை பார்த்து விதைக்கின்ற கதைதான்.

இப்போது மதிப்பீட்டாளரின் யோக்கியதைக்கு வருவோம். புரோகிதரையும் ஜோசியரையும் நாம் ஏன் நம்புவதில்லை? அவர்கள் சொல்லுவதற்கு ருஜு இல்லை என்பது ஒன்று. மற்றொன்று, நல்லது என்று சொன்னால்தான் அவருக்குப் பிழைப்பு. கெட்டது என்று சொன்னாலும் பரிகாரத்தில் பிழைப்பு. அவர் சொல்லும் பதிலிலேயே அவருடைய வயிறு கட்டப்பட்டிருக்கின்றது. அப்படிப்பட்டவர் பூணூல் போட்டிருந்தால் என்ன, கழுத்துப் பட்டை கட்டி என்ஜினீயர் பட்டம் வைத்திருந்தால் என்ன? பதிலின் பேரில் கூலி வாங்குகின்றவன் எவனும் புரோகிதனே.

அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். 2000 முதல் 2007 வரையில் அங்கே வீட்டுக் கடன் வெள்ளமாக ஓடிற்று. கடன் கொடுத்தவர்கள் அந்தக் கடன் பத்திரங்களைக் கட்டுக் கட்டாக வேறொருவருக்கு விற்றுவிடுகிறபடியால், வீடு பெறுமா பெறாதா என்பதைப் பற்றி அவர்களுக்குக் கவலையில்லை. கடன் முடிய வேண்டும், கமிஷன் வர வேண்டும், அவ்வளவுதான். விலைக்குத் தக்கபடி மதிப்பு எழுதாத மதிப்பீட்டாளருக்கு அடுத்த வேலை வராது. இப்படி வெளிப்படையாக லஞ்சம் ஒன்றுமில்லாமலே ஒரு தொழில் முழுவதும் வளைக்கப்பட்டது. அந்தத் தொழிலிலேயே இருந்த யோக்கியர்கள் சும்மா இருக்கவில்லை. உயர்த்தி எழுதும்படி நிர்ப்பந்திக்கின்றார்கள், உண்மை எழுதுகின்றவர்களின் பெயரைக் கறுப்புப் பட்டியலில் சேர்த்து வேலை கொடுக்காமல் செய்கின்றார்கள் என்று ஒரு மனு எழுதி, சுமார் 11,000 மதிப்பீட்டாளர்கள் கையெழுத்துப் போட்டு, வாஷிங்டன் அதிகாரிகளுக்கு அனுப்பினார்கள். கேட்பார் இல்லை. 2007 நவம்பரில் நியூயார்க் மாகாண அட்டர்னி ஜெனரல், வாஷிங்டன் மியூச்சுவல் என்னும் பெரிய பாங்கின் நிர்ப்பந்தத்துக்கு இணங்கி மதிப்பை உயர்த்தியதாக ஒரு மதிப்பீட்டுக் கம்பெனி பேரில் வழக்குத் தொடர்ந்தார். 2008 செப்டம்பரில் அந்தப் பாங்கே கவிழ்ந்தது. அந்தத் தேசத்துச் சரித்திரத்தில் அதைவிடப் பெரிய பாங்கு கவிழ்ந்ததில்லை. லட்சக்கணக்கான குடும்பங்கள் வீட்டை விட்டுத் தெருவுக்கு வந்த பிறகுதான், 2010இல், மதிப்பீட்டாளரை மிரட்டுவதும் வசப்படுத்துவதும் குற்றம் என்று சட்டம் செய்தார்கள். அந்த 11,000 பேரும் புரட்சிக்காரர்கள் அல்ல. நாடாவும் நோட்டுப் புத்தகமுமாக வீடு வீடாக அலைகின்ற சாதாரண மனிதர்கள்தான்.

நமது நாட்டிலும் சட்டம் இல்லாமலில்லை. 2013ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டத்தின் 247ஆவது பிரிவு, பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் பட்சபாதமில்லாமல் உண்மையான மதிப்பைச் சொல்ல வேண்டுமென்றும், தனக்கு நேராகவோ மறைமுகமாகவோ சம்பந்தமுள்ள சொத்தை மதிக்கக் கூடாதென்றும் சொல்லுகின்றது. 2017இல் செய்த விதிகளில், காரியம் முடிந்தால் இவ்வளவு என்று பீசு பேசக்கூடாது என்றும் இருக்கின்றது. மிக நல்ல விதி. ஆனால் அது கம்பெனிகளின் சொத்தை அந்தச் சட்டப்படி மதிக்கும்போதுதான். பங்குதாரருக்குக் காவல் இருக்கின்றது. மேற்படி நமது தோழரைப் போன்ற குடியானவருக்கும் குமாஸ்தாவுக்கும் அந்தக் காவல் எங்கே?

எல்லாப் பழியையும் மதிப்பீட்டாளர் தலையில் போட்டுவிட்டு நாம் கை கழுவிவிடுவதும் யோக்கியமல்ல. ஒரே வீட்டுக்கு மூன்று மதிப்புக் கேட்கின்ற ஜனங்கள் நாம்தான். மகனை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்ப, சொத்து இவ்வளவு பெரியது என்று காட்டச் சர்டிபிகேட்டு வேண்டும்; அப்போது வீட்டுக்கு ஒரு கோடி. பாகப்பிரிவினையில் தங்கைக்குப் பங்கு கொடுக்க வேண்டும். அப்போது அதே வீடு இருபது லட்சம். பாங்குக்குப் போகும்போது அது அறுபது லட்சம். நமக்குத் தெரிந்த ஒரு மதிப்பீட்டாளர், "இந்த மூன்று பேரும் வேறு வேறு ஆள் என்றால்கூடச் சகித்துக்கொள்ளலாம், ஒரே ஆள் ஒரே மாதத்தில் மூன்றுக்கும் வந்தார்" என்று நம்மிடம் சொல்லி வருத்தப்பட்டார். எழுத மாட்டேன் என்று சொன்னதற்கு, "நீ இல்லாவிட்டால் ஊரில் ஆளா இல்லை?" என்று சொல்லிவிட்டுப் போனாராம். ஆள் கிடைத்திருப்பார். நமக்குச் சாதகமாகப் பொய் எழுதிக் கொடுத்தவர், நாளைக்கு எதிராளி பணம் கொடுத்தால் எழுத மாட்டாரா? தங்கையின் பங்கைக் குறைக்க எழுதிய கை நம் மகன் வாங்கப் போகும் வீட்டுக்கும் எழுதும் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இதில் ஜாதி எங்கே வந்தது என்று கேட்பீர்கள். ஜாதி எங்கேதான் வராமலிருக்கின்றது! அமெரிக்காவில் 1930க்கும் 1940க்கும் நடுவே, வீட்டுக் கடனுக்காகச் சர்க்கார் ஏற்படுத்திய ஸ்தாபனம் ஒன்று இருநூறுக்கு மேற்பட்ட நகரங்களுக்குப் படம் போட்டு, தெருக்களுக்கு நான்கு வர்ணம் பூசிற்று. நீக்ரோ மக்கள் குடியிருந்த இடங்கள் அநேகமாக முழுவதும் சிவப்பு, அதாவது ஆபத்தானவை. வர்ணம் பூச உதவியவர்கள் அந்தந்த ஊர் மதிப்பீட்டாளர்களும் தரகர்களும்தான். சுவர் உறுதியாக இருந்தாலென்ன, குடியிருப்பவரின் தோல் கறுப்பாக இருந்தால் வீட்டின் மதிப்புக் குறையும் என்று அந்தத் தொழிலின் பாடப் புத்தகங்களிலேயே போதித்து வந்தார்கள். 1968இல் அதற்கு விரோதமாகச் சட்டம் வந்த பிறகும் அந்தப் போதனை நின்றபாடில்லை. 1976இல் சர்க்காரே அந்தத் தொழிலின் சங்கத்தின் பேரில் வழக்குத் தொடர்ந்த பிறகுதான் விட ஒப்புக்கொண்டார்கள். அவர்கள் வர்ணத்தைக் காகிதத்தில் பூசினார்கள். நம்மவர்கள் நாலு வர்ணத்தை வாயாலேயே பூசிவிடுகின்றார்கள். "நல்ல ஏரியா, எல்லாம் நம்ம ஆளுங்க" என்று தரகர் சொல்லுகின்ற வார்த்தைக்கு லட்சக்கணக்கில் விலை இருக்கின்றது. ஆதிதிராவிடத் தோழர் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு போனாலும், "அந்த வீடு நேற்றே முடிந்துவிட்டதே" என்கின்ற பதில் அவருக்கு ஆயத்தமாக இருக்கின்றது. மதிப்பீட்டாளர் என்று பெயர் வைத்துக்கொண்ட ஒருவர் ரிப்போர்ட்டில் "சுற்றுப்புறம்" என்று எழுதுகின்ற இடத்தில் சாக்கடையையும் ரோட்டையும் பள்ளிக்கூடத்தையும் எழுதட்டும். பக்கத்து வீட்டுக்காரரின் ஜாதியை மனதில் வைத்துக்கொண்டு மதிப்பைக் கூட்டுவாரானால் அவருக்கும் மனுவுக்கும் வித்தியாசமில்லை.

"இவ்வளவு சொல்லுகிறீர்களே, வாஸ்து பார்த்துக்கொள்ளுவதில் நஷ்டமென்ன? அதுவும் இருக்கட்டும், என்ஜினீயரும் இருக்கட்டும்" என்று சமரசம் பேசுகின்றவர்கள் உண்டு. நஷ்டம் என்னவென்றால், அங்கே பார்த்தாகிவிட்டது என்கின்ற திருப்தியில் இங்கே பார்ப்பதில்லை. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் சென்னையில் எத்தனை வீடுகளில் புகுந்தது! வாசல் கிழக்கா மேற்கா என்று கேட்டுக்கொண்டா தண்ணீர் உள்ளே போயிற்று? இந்த இடம் பழைய ஏரியா, வாய்க்காலா என்று கிராமக் கணக்கையும் பழைய படத்தையும் பார்த்துச் சொல்ல ஒரு ஆள் இருந்திருந்தால் பலர் அங்கே வாங்கியிருக்க மாட்டார்கள். அதற்கு முந்தின வருஷம், 2014 ஜூன் 28ந் தேதி, மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த பதினோரு மாடிக் கட்டடம் மழை நாளில் சரிந்து 61 பேர் மாண்டார்கள். வயிற்றுப் பிழைப்புக்காக வெளியூரிலிருந்து வந்த கூலிக்காரர்கள் அவர்களில் அநேகர். அதன் பக்கத்தில் நின்ற ஜோடிக் கட்டடத்தை 2016 நவம்பரில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். அந்த இரண்டிலும் வீட்டுக்கு முன்பணம் கட்டியிருந்த குடும்பங்கள் இருந்தன. நம் நாட்டில் பூமி பூஜை போடாமல் அடிக்கல் விழுவதில்லை. மண்ணைச் சோதிக்காமல் எத்தனையோ அடிக்கல் விழுகின்றது.

ஆனால் ஒரு எச்சரிக்கையும் செய்ய வேண்டியிருக்கின்றது. ஜோசியரை விட்டுவிட்டு என்ஜினீயரைக் கும்பிட ஆரம்பிப்பது பகுத்தறிவாகாது. முத்திரை குத்திய காகிதம் வந்துவிட்டால் அதுவும் வேத வாக்கியமாகிவிடுகின்றது நம்மவர்களுக்கு. மதிப்பீட்டாளர் 41 லட்சம் என்றால், ஏன் 41 என்று கேளுங்கள். எந்தெந்தக் கிரயங்களைப் பார்த்தீர்கள், அவை எந்தத் தேதியில் நடந்தவை, கட்டடத்துக்கு எத்தனை வயது போட்டீர்கள், மேல்தளத்துக்கு ஏறினீர்களா, விற்கின்றவருக்கும் தரகருக்கும் உங்களுக்கும் சம்பந்தம் உண்டா, உங்களுக்கு யார் பீசு கொடுக்கின்றார்கள் என்று கேளுங்கள். யோக்கியர் இந்தக் கேள்விகளுக்குச் சந்தோஷமாகப் பதில் சொல்லுவார். அநேகமாக, கேட்காமலேயே எழுதியிருப்பார். "அதெல்லாம் உங்களுக்குப் புரியாது" என்று சொல்லுகின்றவரை, அதையே சொல்லுகின்ற சாஸ்திரிகளோடு சேர்த்துக் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். அவர் சொல்லுகின்ற மதிப்பும் இன்றைய தேதிக்குத்தான். பத்திரத்தைப் பார்க்க வக்கீல் வேறு, கம்பி துருப்பிடித்ததா என்று பார்க்கக் கட்டட என்ஜினீயர் வேறு என்பதையும் மறந்துவிடக்கூடாது. இத்தனைக்கும் சேர்த்து ஆகின்ற செலவு, தரகருக்குக் கொடுக்கின்றதில் ஒரு சிறு பங்குகூட ஆகாது.

பாங்குகளையும் நாம் ஒன்று கேட்கின்றோம். பீசு கட்டுகின்றவருக்கு ரிப்போர்ட்டின் பிரதியைக் கிரயத்துக்கு முன்னால் கொடுத்துவிடுவதில் உங்களுக்கு என்ன நஷ்டம்? கடன் வாங்குகின்றவர் ஏமாறாமலிருந்தால் உங்கள் கடனும் ஒழுங்காகத் திரும்பி வரும். நமது வாசகர்களில் பாங்கு உத்தியோகஸ்தர்களும் இருக்கின்றார்கள். அவர்கள் பதில் எழுதினால் வெளியிட ஆயத்தமாக இருக்கின்றோம்.

மேற்படி தோழர் கூரையைப் பெயர்த்து மறுபடி போட மூன்றரை லட்சம் செலவழித்தார். வாஸ்துக்காரர் அடைக்கச் சொன்ன ஜன்னலையும் காற்றுக்காகத் திறந்துவிட்டார். இந்த மாதம் அவருடைய தம்பி அதே ஊரில் ஒரு வீடு பார்த்து, முன்பணம் கொடுக்க நல்ல நாள் ஒன்று சொல்லும்படி, கேலியாகவோ மெய்யாகவோ, நமக்கு எழுதியிருந்தார். நாம் ஒரு மதிப்பீட்டாளரின் விலாசத்தை எழுதியனுப்பினோம். அவர் வருகிற செவ்வாய்க்கிழமை மாலை 3 மணிக்கு வந்து பார்ப்பதாக ஒப்புக்கொண்டிருக்கின்றார். அது இராகு காலமாயிற்றே என்று வீட்டில் பெரியவர்கள் சொன்னதற்கு, "அந்த நேரத்தில்தான் மேற்குச் சுவரில் வெயில் நேராக விழும், ஈரமிருந்தால் நன்றாகத் தெரியும்" என்று அவர் பதில் சொன்னாராம்.